தொடக்கூடாத வெள்ளைப் பலகை

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அதை உங்களுக்குச் சொன்னவர் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சுவரைப் பார்த்திருப்பார், தன் மணிக்கட்டைப் பார்த்திருப்பார், மறுபடியும் சுவரைப் பார்த்திருப்பார், அப்புறம் நீங்கள் நீட்டிய தண்ணீரை வாங்காமல், ஏதோ துக்கச் செய்தி சொல்ல வந்தவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுதே, கவனிச்சீங்களா?" என்று கேட்டிருப்பார். பத்து வருடமாக அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் நீங்கள் பேருந்து பிடிக்கிறீர்கள், ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அது அவருக்கு வேண்டாத விஷயம்.

அவர்தான் சரிபார்ப்பவர். மனித குலத்தில் இது ஒரு தனிப் பிரிவு. துணிக்கடையில் கடைக்காரர் அளந்து வெட்டிய துணியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்த நாடாவால் மறுபடி அளப்பவர், காய்கறிக் கடைத் தராசில் முதலில் தன் கைப்பேசியை வைத்துப் பார்ப்பவர், மின்தூக்கிக்குள் 'எட்டு பேர்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே இருக்கிற எட்டுப் பேரையும் எடை போடுவதுபோல ஏற இறங்கப் பார்ப்பவர், எல்லாரும் இந்த இனம்தான். தப்பு இருந்தால் இவர்களுக்கு மகிழ்ச்சி. தப்பு இல்லாவிட்டால் சந்தேகம்.

இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. என் தங்கையை ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்கள். தங்கை கேமராவைப் பார்க்கிறாள், நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம், மாப்பிள்ளை மட்டும் படம் எடுப்பவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இடது பக்க விளக்கு மங்கல் அடிக்குது" என்று அவர் சொல்லி வாய் மூடும்போது எடுத்த படம் அது. அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை, அதற்குத் தண்டனையாகக் கடவுள் என்னை அவருடைய அலுவலகத்திலேயே, அவருடைய பிரிவிலேயே, அவர் சொல்லும் எண்களைக் குறிப்பேட்டில் எழுதுகிற வேலையில் போட்டார். ஒன்பது வருடமாக எழுதுகிறேன். அலுவலகத்தில் அவருக்கு 'தசமம்' என்று பெயர். ஏனென்று கேட்காதீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு புள்ளி ரெண்டு சதம் பரவாயில்ல" என்று சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவருடைய வேலை என்னவென்று சொன்னால் நீங்களே கைதட்டுவீர்கள். ஊரில் உள்ள தராசையும் கடிகாரத்தையும் சரிபார்ப்பவர்கள் எத்தனையோ பேர். எங்கள் மாப்பிள்ளை சரிபார்ப்பது வானத்தில் போகும் செயற்கைக்கோளை!

நிஜமாகத்தான் சொல்கிறேன். செயற்கைக்கோளில் ஒரு கண் இருக்கிறது. அது மேலேயிருந்து நிலத்தைப் பார்த்து, எந்த இடத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே பயிர் வாடுகிறது, எங்கே தண்ணீர் வற்றுகிறது என்று சொல்கிறார்கள். ஆனால் கண் என்றால் வயசாகும் அல்லவா? அது மங்கிவிட்டதா என்று மேலே ஏறிப்போய்ப் பார்க்க முடியாது. அதனால் மரம் செடி எதுவும் இல்லாத, ஒரே நிறமாக வெளிறிக் கிடக்கிற ஒரு பொட்டல் வெளியைத் தேர்ந்தெடுத்து, செயற்கைக்கோள் அதற்கு நேர் மேலே வரும் வேளையில் கீழே நாங்கள் நின்று அதே மண்ணை எங்கள் கருவியால் அளக்கிறோம். மேலே இருப்பது சொன்ன எண்ணும் கீழே இருப்பவர் சொன்ன எண்ணும் ஒன்றானால் கண் நல்ல கண். ஒன்றாகாவிட்டால் தசமத்துக்குத் திருநாள்.

அந்தப் பொட்டலில் அவரை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லாரும் கறுப்பு உடுப்புதான் போட வேண்டும். வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் கருவிக்குள் போய்விடுமாம். ஒருமுறை ஓட்டுநர் மறந்துபோய் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார், பாவம். அவரை அரை கிலோமீட்டர் தூரத்துக்குத் துரத்தி வண்டிக்குப் பின்னால் உட்கார வைத்தார் மாப்பிள்ளை. அன்றிலிருந்து ஓட்டுநருக்கு அதுதான் இடம். எங்கள் நிழல் கருவி மேல் விழக்கூடாது, நாங்கள் சூரியனைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், கோடு போட்ட மாதிரி நடக்க வேண்டும், தும்மக்கூடாது. தும்மினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தூசி கிளம்பும் மச்சான்" என்றார். அவர் தும்மியபோது நான் எதுவும் சொல்லவில்லை. தங்கை வாழ்க்கை.

இத்தனைக்கும் நடுநாயகமாக ஒரு வெள்ளைப் பலகை. இரண்டு கையகலம், முட்டை ஓட்டைவிட வெள்ளை. தன்மேல் விழுகிற வெளிச்சத்தையெல்லாம் அப்படியே திருப்பித் தருவது அதன் வேலை. மண்ணை ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்பும் கருவியை அந்தப் பலகைக்குக் காட்டி, 'இதுதான் முழு வெள்ளை, இதோடு ஒப்பிட்டு மண்ணைச் சொல்லு' என்று கேட்பார். ஆக, மண்ணை அளப்பது பலகை. மண்ணை வைத்து வானத்துக் கண்ணை அளப்பது மாப்பிள்ளை. அந்தப் பலகையை யாரும் தொடக்கூடாது. விரல் பட்டால் எண்ணெய் ஒட்டிவிடும். கறுப்புத் துணியில் சுற்றி, கையுறை போட்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்குவார். தன் மகளைக்கூட அப்படித் தூக்கியதில்லை என்று தங்கை சொல்வாள்.

வருடத்துக்கு ஒருமுறை பலகையைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மாப்பிள்ளை அனுப்பவில்லை. "அங்க எவனாவது கை வச்சிருவான்" என்பது அவர் வாதம். இரண்டு வருடத்துக்கு முன் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கிடங்கு அறையின் பூட்டையும் அவர் நம்பவில்லை. பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இனி கதைக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு நாங்கள் மூன்று முறை பொட்டலுக்குப் போனோம். முதல் முறை, வானத்துக் கண் எங்கள் அளவைவிட இரண்டு புள்ளி ஒன்று சதம் குறைவாகச் சொன்னது. மாப்பிள்ளை புருவத்தை உயர்த்தினார். அடுத்த முறை நான்கு. மாப்பிள்ளை விசில் அடித்தார். மூன்றாம் முறை ஆறு புள்ளி மூன்று. அன்று அவர் எங்கள் எல்லாருக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கண்ணு மங்கிப்போச்சு மச்சான். நான் அப்பவே நினைச்சேன்."

ஐந்து சதத்தைத் தாண்டினால் அந்தக் கண் சொல்லும் கணக்கை யாரும் ஏற்கமாட்டார்கள், அணைத்துவிட வேண்டியதுதான் என்பது ஒப்பந்தம். அந்தக் கண்ணைச் செய்தவர் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு பொறியாளரம்மா. நாலு வருடம், தன் மூச்சுக்காற்றுகூடப் படாமல் முகத்தை மூடிக்கொண்டு அதைச் செய்தவர். கூடப் பதினோரு பேர். கண்ணை அணைத்தால் அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு திசை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவு. அதற்கு முன் செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

பொறியாளரம்மா எங்கள் அறைக்கு வந்தார். கையில் எங்கள் அறிக்கை.

"சார், நீல வெளிச்சத்துல ரொம்பக் குறையுது, சிவப்புல அவ்வளவு குறையலயே, ஏன்?"

"வயசானா அப்படித்தாம்மா ஆகும்" என்றார் மாப்பிள்ளை, டாக்டர் மாதிரி.

"உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கா சார்?"

கேட்டிருக்கக்கூடாது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்திரண்டு வருஷமா நான் மத்தவங்களச் சரிபாக்கறேன்மா" என்றார். இது பதிலா? இல்லை. ஆனால் இந்த இனத்தார் கடைசியில் சொல்வது எப்போதும் இதைத்தான். அந்த அம்மா அறிக்கையை மடித்துக்கொண்டு போனார். எனக்கு மனசு என்னவோ செய்தது. ஆனால் குறிப்பேட்டை மூடி வைத்ததைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். என் மருமகளுக்கு, ஏழு வயது, காய்ச்சல். குழந்தை கட்டிலில் துவண்டு கிடக்கிறது. மாப்பிள்ளை மேசையில் மூன்று வெப்பமானிகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"இது நூத்தியொண்ணு புள்ளி எட்டு காட்டுது. இது நூத்திரெண்டு புள்ளி மூணு. இது ரெண்டுக்கும் நடுவுல. எது சரின்னு முதல்ல தெரியணும்."

"புள்ளைக்குக் காய்ச்சல் இருக்கா, இல்லையா?" என்றாள் தங்கை.

"சராசரி எடுத்துச் சொல்றேன், இரு."

"நீங்க எடுங்க. நான் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போறேன். நெத்தியில கை வச்சா தெரியாதா? கொதிக்குது."

"கையெல்லாம் ஒரு கருவியா?" என்றார் மாப்பிள்ளை.

குழந்தை கண்ணைத் திறந்து, "அப்பா, எனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று மதிப்பெண் கேட்பதுபோலக் கேட்டது.

டாக்டரிடம் போய் வந்து, மருந்து கொடுத்து, குழந்தை தூங்கிய பிறகு சமையலறையில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேலே ஓர் அலமாரி. அதன் உச்சியில் கறுப்புத் துணி சுற்றிய ஒரு பொருள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இது இங்கயா இருக்கு?"

"ஆமாண்ணா. வேற எங்க வச்சாலும் புள்ள கை எட்டுதாம். ரெண்டு வருஷமா அங்கதான். அத நான் தொடக்கூடாது, பக்கத்துல இருக்கற டப்பாவ மட்டும் எடுக்கலாம். அந்த டப்பாவத் தொட்டாலே கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, அவ்வளவு எண்ணெய்ப் புகை. ஆனா அவர் வைக்கறது எல்லாம் சுத்தமாத்தான இருக்கும்?"

நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அது எனக்கு ஒரு நகைச்சுவையாகத்தான் பட்டது. அடுத்த நாள் இரண்டாம் மாடியில் டீ குடிக்கும்போது பொறியாளரம்மாவிடம் அதை நகைச்சுவையாகவே சொன்னேன்: வானத்தை அளக்கிற பலகை வறுவல் புகையில் குளிக்கிறது என்று.

அவர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு."

"வெள்ளை மேல மஞ்சள் படிஞ்சா முதல்ல அடிவாங்கறது நீலம்தான் சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரும் எங்களோடு பொட்டலுக்கு வந்தார். தலை முதல் கால்வரை கறுப்பு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மாப்பிள்ளை ரொம்ப நேரம் தவித்தார். கடைசியில் அந்த அம்மாவின் கைக்கடிகாரம் பத்து நொடி பின்தங்கியிருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. செயற்கைக்கோள் வர இன்னும் கால் மணி இருந்தது. அந்த அம்மா தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே இன்னொரு வெள்ளைப் பலகை.

"இது எப்பச் சரிபாத்தது?" என்றார் மாப்பிள்ளை உடனே.

"பதினெட்டு நாளாச்சு. சான்றிதழ் இருக்கு."

சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் படித்தார், முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்தார், தேதியை விரல்விட்டு எண்ணினார். பதினெட்டு சரியாகத்தான் வந்தது.

"உங்களோடதப் பக்கத்துல வைங்க சார்."

"எதுக்கும்மா?"

"சும்மா பாக்கத்தான்."

மாப்பிள்ளை கையுறை போட்டார். துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பலகையை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். காலை வெயில் இரண்டின் மேலும் ஒரே மாதிரி விழுந்தது. கருவியே வேண்டியிருக்கவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி வண்டிக்குப் பின்னால் உட்காரும் பழக்கத்திலிருந்து, கறுப்புச் சட்டை போட்டு வந்து, அன்றுதான் விடுதலை பெற்றிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணு வெள்ளையா இருக்கு, இன்னொண்ணு டீ கொட்டித் தொடச்ச வேட்டி மாதிரில்ல இருக்கு?" என்றார்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மிகுந்த கண்ணியத்தோடு சொன்னார்:

"உங்க பலகை கொஞ்சம் அதிகமா வெளுப்பா இருக்கும்மா."

ஓட்டுநர் முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பொறியாளரம்மா கருவியை அந்தப் பலகைக்குக் காட்டினார், இந்தப் பலகைக்குக் காட்டினார், எண்ணைப் படித்தார். நான் எழுதினேன். புதுப் பலகையைவிட மாப்பிள்ளையின் பலகை ஆறு புள்ளி மூன்று சதம் மங்கல். உங்களுக்குப் புரிந்திருக்கும்: முழக்கோல் சுருங்கினால் துணி நீளமாகத்தான் தெரியும். பலகை மங்க மங்க, அதோடு ஒப்பிட்ட மண் பளபளத்தது. மண் பளபளக்க, மேலே இருந்த நல்ல கண் குருட்டுக் கண் ஆனது. இரண்டு வருடமாக எங்கள் தங்கையின் அடுப்பைத்தான் நாங்கள் வானத்தில் அளந்துகொண்டிருந்தோம்.

பத்து நாற்பத்திரண்டுக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே போயிற்று. கண்ணுக்குத் தெரியாது என்றாலும், வழக்கமாக அந்த நிமிடத்தில் மாப்பிள்ளை அண்ணாந்து, திருடனைப் பார்ப்பதுபோல வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கையுறையில்லாத கையால் பலகையை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை எத்தனையோ நாள் சபித்திருக்கிறேன். ஆனாலும் அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் மாப்பிள்ளை பலகையை மடியில் வைத்திருந்தார். பிறகு மெல்ல, "மச்சான்" என்றார்.

"சொல்லுங்க மாப்ளே."

"ஆறு புள்ளி மூணுன்னு நான் சொன்னேன்ல? அச்சு அசலா ஆறு புள்ளி மூணு. அளந்ததுல ஒரு பிசகு இல்ல பாருங்க. ஆள்தான் மாறிப்போச்சு."

என் அழுகை நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 'சமையல் சார்ந்த வளிமண்டலக் காரணங்களால் பலகையின் மேல் ஒரு படலம் ஏற்பட நேர்ந்துள்ளது' என்று எழுதியிருந்தார். படலம் தானாக ஏற்பட்டது; யாரும் ஏற்படுத்தவில்லை. அதைக் கேள்விப்பட்ட என் தங்கை, "உங்க தப்புக்கு என் அடுப்பு சாட்சியா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கண் தப்பித்தது. பதினோரு பேரும் தப்பித்தார்கள். பலகைகளை வருடா வருடம் சரிபார்க்க ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரி உச்சி காலி. மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, உடம்பு சுடற மாதிரி இருக்கு" என்றாள். மாப்பிள்ளை மேசை இழுப்பறைப் பக்கம் போனார், நின்றார், திரும்பி வந்து குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்து நொடி கையை எடுக்கவில்லை. பிறகு அந்தக் கையைத் தங்கையிடம் நீட்டி, "முதல்ல என் கை சூடா இருக்கான்னு பாரு" என்றார்.

முன்னேற்றம்தான். எத்தனை சதம் என்று தெரியாது.

சரி, ஒரு விஷயம் உங்களைக் கேட்க வேண்டும். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் மனதில் ஒருவர் முகம் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? மேலதிகாரி, மாமனார், எதிர்வீட்டுக்காரர், யாரோ ஒருவர். 'அச்சு அசல் அவரேதான்' என்று நாலு இடத்திலாவது சிரித்திருப்பீர்கள். அவர் அப்படித்தான் என்று எந்தப் பலகையை வைத்து அளந்தீர்கள்? அது எந்த அடுப்புக்கு மேலே இருக்கிறது? கடைசியாக எப்போது அதை வெயிலில் எடுத்து இன்னொருவர் பலகைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வருடம் அந்தப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்று எண் எழுதியவன் நான். அது மஞ்சளாவது வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஆனால் நான் எங்கே பலகையைப் பார்த்தேன்? மாப்பிள்ளை என்ன தப்புச் செய்கிறார் என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

என்னுடைய பலகையா? அது சுத்தமாகத்தான் இருக்கிறது. நானே பார்த்துவிட்டேன்.